தானா திரும்பியதா, தினா திருப்பினானா?

போன வாரம் என் மாமியார் ஊரில் மாரியம்மன் வழி தவறிப் போய்விட்டாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சாமி எப்படி வழி தவறும் என்று கேட்பீர்கள். சாமி தவறாது. சாமியை வைத்திருந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு போன ஜீப் தவறும். அந்த ஜீப்பின் முன் சீட்டில், கழுத்தில் மாலையோடு ஊர் மாப்பிள்ளை என்ற கெத்தில் உட்கார்ந்திருந்தவன்... வேறு யார், அடியேன்தான்.

மாமியார் ஊர் வெகுதூரம் இல்லை. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் பிரிகிற ஒரு சின்ன ரோடு, ஒரு ஏரி, ஏரிக்குக் கீழே ஊர். செங்கம் ரோட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால், பின்னால் உட்கார்ந்து மனைவி ஆரம்பிக்கும் பேச்சு முடிவதற்குள் ஊர் வந்துவிடும்.

ஜீப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அது என் மச்சினன் தினகரனுடையது. மனைவியின் தம்பி. ஊரில் எல்லோருக்கும் தினா. விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கும் வேலை. வயல் வரப்பு, சேறு என்று அலைவதற்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும் என்று பழைய ஜீப் ஒன்றை வாங்கினான். அதில் தப்பில்லை. வாங்கியவன் சும்மா இருந்தானா? யூடியூப் பார்த்தான்.

யூடியூபில் ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் மலை உச்சியில், முழங்கால் தண்ணீரில், பாலைவனத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வண்டிகளுக்கெல்லாம் டயர் பெரியது. தினாவும் பெரிய டயர் போட்டான். டயர் மட்கார்டில் இடித்தது. வண்டியைத் தூக்கினான் — ஸ்பிரிங்குக்கு அடியில் எதையோ வைத்து. இப்போது என் மாமியார் அந்த வண்டியில் ஏற வேண்டும் என்றால் பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டும். ஸ்டூலைத் திரும்ப வண்டிக்குள் எடுத்து வைக்க இன்னொரு ஆள் வேண்டும்.

"எப்படி மாமா இருக்கு?" என்றான் என்னிடம்.

"கம்பீரமா இருக்கு."

பொய் இல்லை. நிற்கும்போது கம்பீரமாகத்தான் இருந்தது. பிரச்னை ஓடும்போது.

ஒருநாள் என்னைச் செங்கம் ரோட்டில் கூட்டிக்கொண்டு போனான். கொஞ்சம் வேகம் பிடித்தது. ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி ஏறியது. அவ்வளவுதான், ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தது. முறத்தில் அரிசி புடைப்பார்களே, அந்த மாதிரி. தினாவின் கைகள் ஆடின. தோள் ஆடியது. கன்னம் ஆடியது. என் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, ஆசிரமத்துக்குப் போகிறவள் போலிருக்கிறது, எங்களைப் பார்த்துக் கருணையோடு கும்பிட்டாள்.

வேகத்தைக் குறைத்ததும் ஆட்டம் நின்றது.

"இது ஒண்ணும் இல்ல மாமா. டேம்பர் போட்டா சரியாயிடும்."

ஸ்டீயரிங் டேம்பர் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மோட்டார் சைக்கிளில் பின் சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சர்பர் இருக்கிறது இல்லையா? அது மாதிரி ஒன்றைப் படுக்க வைத்து, ஸ்டீயரிங் கம்பிக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே மாட்டிவிடுகிறார்கள். சக்கரம் படபடவென்று ஆடினால், 'சும்மா இரு' என்று அது அடக்கும்.

போளூர் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் கரீம் பாய் ஒன்று மாட்டினார். ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. பாய் தன்னம்பிக்கை உள்ளவர். உடனே பக்கத்திலேயே இரண்டாவதையும் மாட்டினார்.

"முதல் டேம்பர் ஆட்டத்தைக் கம்மி பண்ணுது. ரெண்டாவது அதை அடியோட நிறுத்திடும். இது கேஸ் ரொப்புன டேம்பர் தம்பி. பவர் ஜாஸ்தி."

நின்றுதான் போனது. ஆனால் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது.

நீங்கள் சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள். வேகமாகப் போகும்போது இரண்டு கையையும் விட்டுப் பார்த்திருப்பீர்கள் — விடாதவர்கள் யார்? அப்போதும் சைக்கிள் நேராகத்தானே போகும்? ஏனென்றால் முன் ஃபோர்க் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராகக் கொண்டுவருகிறது. காரிலும் அப்படித்தானாம். வளைவில் ஒடித்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினால், ஸ்டீயரிங் தானாகவே சுழன்று நடுவுக்கு வந்துவிடும். காலையில் ஆபீஸ் போனவர் சாயங்காலம் வீட்டுக்கு வருவது போல.

தினா வண்டியைத் தூக்கியதில் அந்தச் சாய்வு போய்விட்டது. டயர் பெரிசானதில் பாரம் கூடிவிட்டது. இதற்கு நடுவே கேஸ் டேம்பர் வேறு. உள்ளே இருக்கும் கேஸ் எப்போதும் நீளத்தான் பார்க்குமாம். நீண்டால் சக்கரத்தை இடது பக்கமாகத் தள்ளும். மொத்தத்தில், இடது பக்கம் ஒடித்தால் ஒடித்ததுதான். ஸ்டீயரிங் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நாம்தான் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

தினா இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

சரி. இப்போது திருவிழாவுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு குடும்பச் சண்டை... மன்னிக்கவும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் முனுசாமி. அவருக்கு ஒரே அண்ணன், ஏழுமலை. ஊர் மாரியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா. அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரு போர்வெல் இருந்தது. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அண்ணன் பூட்டுப் போட்டார். பக்கத்து ஊர்ப் பசங்கள் ஒயரைத் திருடுகிறார்கள் என்று. "எனக்குத்தான் பூட்டு போடறான்" என்றார் தம்பி. சாவி வாங்கிக்கொள்ளச் சொன்னார் அண்ணன். வாசலில் போய் நின்று சாவி கேட்க மாட்டேன் என்றார் தம்பி. அதிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை. மாமனார் வீட்டையும் மாற்றிக்கொண்டு, ஊரை ஒட்டிப் புதிதாக மனை போட்ட இடத்துக்குப் போய்விட்டார்.

அந்த இடத்துக்கு மனை விற்றவர்கள் வைத்த பெயர் 'அம்மன் நகர்'. நுழைவு வளைவெல்லாம் கட்டி எழுதியிருக்கிறார்கள்.

அம்மன் நகருக்கு அம்மன் வந்ததே இல்லை. ஆடித் திருவிழா ஊர்வலம் பழைய தெருக்களைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு வருடமும் அம்மன் நகர்க்காரர்கள் போய்க் கேட்பார்கள். ஏழுமலை மாமா ஒரே பதில் சொல்வார்: "எங்கப்பா காலத்து வழி. மாத்தக் கூடாது."

அப்பா காலத்து வழி என்பது ஒரு காரணம். அந்தத் தெருவில் நாலாவது வீடு யாருடையது என்பது இன்னொரு காரணம். ஊருக்கே தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வருடத் திருவிழா அன்று சாயங்காலம். அம்மன் அலங்காரம் முடிந்து டிரெய்லரில் ஏறியாயிற்று. தலைக்கு மேலே பூப்பந்தல், சுற்றிலும் சீரியல் பல்பு. பின்னால் ஜெனரேட்டர் வண்டி. முன்னால் பம்பைக்காரர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். டிரெய்லரை இழுக்க வேண்டிய டிராக்டர் மட்டும் உறுமியது, இருமியது, நின்றது. டிரைவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கு ஆவாது" என்றார்.

கூட்டம் மொத்தமும் தினாவின் ஜீப்பைப் பார்த்தது. பின்னால் கொக்கி இருக்கிற வண்டி அங்கே அது ஒன்றுதான்.

ஏழுமலை மாமா என்னைக் கூப்பிட்டார். தினா என் தோளை இடிக்கிற தூரத்தில்தான் நின்றான்.

"மாப்பிள்ளை... உங்க மச்சினங்கிட்ட கேளுங்க. அம்மனை இழுத்தாருவானான்னு."

நான் தினா பக்கம் திரும்பினேன். "இழுப்பியாடா?"

"பெரியப்பா சொன்னா இழுக்கறேன்னு சொல்லுங்க மாமா."

நான் இந்தப் பக்கம் திரும்பினேன். "நீங்க சொன்னா இழுக்கறானாம்."

"நான் சொல்லித்தானே நீங்க கேக்கறீங்க? பழைய வழியில மட்டும்தான் போவணும்னு சொல்லிடுங்க."

இந்தியா - பாகிஸ்தான் பேச்சுவார்த்தைக்கு நடுவில் உட்காருகிறவர்களின் கஷ்டம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஜீப் கிளம்பியது. ஏழுமலை மாமா டிரெய்லரில் அம்மனுக்குப் பக்கத்தில் பூசாரியோடு நின்றுகொண்டார். முன் சீட்டில் நான். லோ கியரில் போட்டால் அந்த ஜீப் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலே தவழும். நடக்கிற வேகம்தான். தினா அவ்வளவு அழகாக ஓட்டினான். தட்டு வாங்க நிற்பது, கிளம்புவது — ஒரு குலுக்கல் இல்லை. நானே பெருமைப்பட்டேன்.

குளக்கரை மூலை வந்தது. அங்கே ஊர்வலம் இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பியவுடன் பக்கத்திலேயே, அதே இடது பக்கம், அம்மன் நகர் வளைவு.

மூலையில் பெரிய சூடம் காட்டுவது வழக்கம். தினா ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தான். பாதி திரும்பிய நேரத்தில் பூசாரி சூடம் ஏற்றிவிட்டார். பம்பை உச்சத்துக்குப் போனது. கூட்டம் "தாயே" என்றது. தினாவுக்கும் பக்தி உண்டு. ஸ்டீயரிங்கை விட்டான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். கண்ணை மூடினான்.

எந்தக் காராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஸ்டீயரிங் நடுவுக்கு நகர ஆரம்பித்திருக்கும். வேறு வண்டிகளையும் மாறி மாறி ஓட்டுகிறவனுக்கு, கை பழைய பழக்கத்தில்தானே போகும்?

நானும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது எங்களுக்கு மேலே 'அம்மன் நகர் தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று எழுதியிருந்தது.

"தினா..."

"மாமா..."

பிரேக்கை மிதித்தான். ஜீப் வளைவுக்குள் முழுதாக நுழைந்திருந்தது. டிரெய்லர் பாதி நுழைந்திருந்தது. பின்னால் ஜெனரேட்டர், அதற்குப் பின்னால் ஊர். வலது பக்கம் சாக்கடை. ரிவர்ஸ் எடுக்க வழியே இல்லை. அப்படியும் தினா ரிவர்ஸ் கியரைப் போட்டான். கூட்டத்திலிருந்து ஒரு பாட்டம்மா சத்தம் போட்டார்: "சாமிய பின்னால தள்றானே... எந்த ஊருல நடக்கும் இது?"

அதற்குமேல் யாருக்குத் தைரியம் வரும்?

நான் திரும்பி டிரெய்லரைப் பார்த்தேன். ஏழுமலை மாமா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. கோபம்தான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையை முன்னால் காட்டினார். போ என்று.

அம்மன் நகர் தயாராகவே இல்லை. யார் எதிர்பார்த்தார்கள்? முதல் வீட்டுப் பெண் மாவரைத்த கையோடு வந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். தெருவில் தண்ணீர் தெளித்தார்கள்; ஜீப்புக்கு முன்னால் ஓடிக்கொண்டே ஒரு பெண் கோலம் போட்டாள். அது கோலமா, கோடா என்று சொல்ல முடியாது. தேங்காய் கிடைக்காத வீட்டில் ஆப்பிள் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் சூடத்துக்குப் பதில் பிறந்தநாள் மெழுகுவர்த்தி. பூசாரி எல்லாவற்றையும் வாங்கிக் காட்டினார். அம்மனும் எதற்கும் முகம் சுளிக்கவில்லை.

நாலாவது வீடு.

என் மாமியார் தட்டோடு நின்றார். தட்டை வாங்கி அம்மனிடம் காட்டி, பூவும் குங்குமமும் வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் தர்மகர்த்தா. அவர் குனிந்து வாங்கினார்.

அப்போது மாமனார் வெளியே வந்தார். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருக்கிறார். லுங்கி, ஓட்டை பனியன். அம்மனைப் பார்த்தார். அம்மனுக்குப் பக்கத்தில் அண்ணனைப் பார்த்தார். கும்பிடலாமா, உள்ளே போகலாமா என்று தெரியாமல் நின்றார்.

பம்பை நின்றது. ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழுமலை மாமா தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"போய் சட்டைய போட்டுனு வாடா. அம்மா நிக்கிறா."

மாமனார் சொன்னார்: "இஸ்திரி போட்டது இல்ல."

"இருக்கறத போடு."

மாமனார் உள்ளே போனார். சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். விபூதி வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு. மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஜீப்பின் டேஷ்போர்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டேஷ்போர்டில் ஒன்றும் இல்லை.

தெருக் கடைசியில் சுற்றிக்கொண்டு ஊர்வலம் பழைய வழியில் போய்ச் சேர்ந்தது. அத்தோடு முடிந்திருந்தால் இந்த வாரம் நான் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

மறுநாள் ஊர் இரண்டாகிவிட்டது.

அம்மன் நகர் சொன்னது: "ஆத்தா தானா திரும்பினா."

பழைய ஊர் சொன்னது: "தானா திரும்பல. தினா திருப்பினான்."

அப்பனும் பிள்ளையும் சேர்ந்து திட்டம் போட்டுவிட்டார்கள், டிராக்டரைக் கெடுத்ததே அவன்தான், கூடவே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கும் பங்கு உண்டு... பேச்சு இப்படிப் போனது. சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம் என்று சொல்லி அனுப்பினார்கள். குற்றம் ருசுவானால் தினா குடும்பத்துக்கு அடுத்த வருடம் வரி வாங்க மாட்டார்கள். கேட்க லாபம் மாதிரி இருக்கும். ஊரில் திருவிழா வரி வாங்கவில்லை என்றால் ஊரை விட்டுத் தள்ளி வைத்த மாதிரி.

நான் தினாவுக்குப் போன் போட்டேன். "பயப்படாதே. ஸ்டீயரிங் தானா வராதுன்னு உண்மையைச் சொல்லிடு. வேணும்னா ஓட்டிக் காட்டு. வண்டிதான் சாட்சி."

மறுமுனையில் தினா தொண்டையைச் செருமினான்.

"என்னடா?"

"மாமா... காலையிலேயே கரீம் பாய் ஷெட்டுக்குப் போயிட்டேன். செம கோவம் எனக்கு. கேஸ் டேம்பரைக் கழட்டிட்டாரு. ஸ்பிரிங்குக்கு அடியில ஆப்பு மாதிரி ஒண்ணு வச்சு சாய்வையும் சரி பண்ணிட்டாரு. இப்ப கைய விட்டா தானா வந்துடுது. புதுக் கார் மாதிரி."

ஒரு கோர்ட் கேஸில் சாட்சியை மிரட்டுவார்கள், கலைப்பார்கள், கடத்துவார்கள். கேள்விப்பட்டிருக்கிறேன். சாட்சியை ரிப்பேர் பண்ணியவனை அன்றுதான் பார்த்தேன்.

கூட்டம் கூடியது. தினா எழுந்து நின்றான். பாவம், அவனுக்கு இரண்டு பக்கமும் அடி. வேண்டுமென்றே திருப்பினேன் என்றால் குற்றவாளி. வண்டி சரியில்லை என்றால், இத்தனை நாள் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட ஜீப்பின் மானம் போகும்.

"வண்டியிலதான் கோளாறு," என்றான் மெதுவாக. "ஒடிச்சா திரும்ப வராது. டயர் பெரிசு. அதான்."

பின்னால் சில பேர் சிரித்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது.

கோயில் கணக்குப் பார்க்கும் கோவிந்தசாமி விடவில்லை. "ஸ்டீயரிங் திரும்ப வராத வண்டி எங்கனா கீதா? கூட இருந்த மாப்பிள்ளை சொல்லட்டும். இன்னா பாத்தீங்க?"

"நான் கண்ணை மூடிக் கும்பிட்டுட்டு இருந்தேங்க."

"ரெண்டு பேரும் கண்ண மூடினு வண்டி ஓட்னீங்களா?"

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"ஓட்டிப் பாத்துட்டா தெரிஞ்சிட போவுது," என்றார் கோவிந்தசாமி. "ஏரி மைதானத்துல ஓட்டுவோம். ஒடிச்சிட்டு கைய விடுவோம். தானா நேரா வந்துச்சுன்னா பையன் பொய் சொல்றான்."

தினா என்னைப் பார்த்தான். நான் அம்மனைப் பார்த்தேன்.

"யாரு ஓட்றது?" என்று ஒருவர் கேட்டார். தினா ஓட்டினால் ஏமாற்றுவான். கோவிந்தசாமிக்கு முட்டி வலி. அந்த உயரத்துக்கு ஏற முடியாது. ஏழுமலை மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நான் ஓட்றேன். டிராக்டர் ஓட்டாத கையா இது? மாப்பிள்ளை, நீங்க பக்கத்துல வந்து குந்துங்க. சாட்சிக்கு."

ஊர் மைதானத்தைச் சுற்றி நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பெரியவர் ஸ்டார்ட் பண்ணினார். கொஞ்ச தூரம் நேராக ஓட்டினார். பிறகு இடது பக்கம் ஒடித்தார்.

வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். ஊர் பார்க்கட்டும் என்று நன்றாக விரித்துக் காட்டினார். கையை விட்டாயிற்று.

ஜீப் வட்டம் அடித்தது.

நேராக வரவில்லை. இன்னொரு வட்டம். புழுதி எழும்பியது. இன்னொரு வட்டம். வெளியே 'ஓ' என்று சத்தம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரிப்பேர் பண்ணிய வண்டி எப்படி...

அப்போதுதான் கீழே பார்த்தேன்.

பெரியவரின் இடது கை மடியில் இருந்தது. இல்லை, மடியில் இருக்கிற மாதிரி இருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைக் கொக்கி போட்டுப் பிடித்திருந்தன. ஸ்டீயரிங் நேராகப் போகவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தது. அவர் விடவில்லை. விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. நெற்றியில் வியர்வை. வலது கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே, தேர்தல் பிரசாரம் மாதிரி, ஊருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது.

வண்டியை நிறுத்தினார். இறங்கினார்.

"பையன் மேல தப்பு இல்ல," என்றார். "சனியன் புடிச்ச வண்டி. ஒடிச்சா ஒடிச்சதுதான். வரவே மாட்டேங்குது."

கோவிந்தசாமி எதையோ கேட்க வாயெடுத்தார். புழுதி உள்ளே போய் இருமினார்.

என் மாமியார் பெண்கள் கூட்டத்திலிருந்து கேட்டார். அந்த வீட்டில் தைரியம் அவருக்குத்தான் ஜாஸ்தி. "அப்ப அடுத்த வருஷம் எங்க தெருவு?"

ஏழுமலை மாமா யாரையும் பார்க்காமல் பதில் சொன்னார். "ஒரு தடவ வந்து பாத்துட்டா. இனிமே வராதேன்னு அவகிட்ட போய் யாரு சொல்றது? நான் சொல்ல மாட்டேன்பா. சொல்றவன் சொல்லிக்கோங்க."

யாரும் முன்வரவில்லை.

"ஆனா டிராக்டர்தான். இந்த வண்டி வேணாம்."

என் மாமனார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை. அண்ணனின் பக்கத்தில் வந்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அண்ணன் வாங்கிக் குடித்தார். இடது கையால் பிடிக்க முடியவில்லை போலிருக்கிறது, வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

தினா? அவன் தனியாகப் போய் நின்று கரீம் பாய்க்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். "நீங்க பண்ணது மொத்தமும் வேஸ்ட் பாய். ஊர் முன்னாடி சுத்திச் சுத்தி வருது வண்டி." பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. தொழிலைக் குறை சொன்னால் வராதா? அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை.

கூட்டம் கலைந்ததும் பெரியவரோடு நடந்தேன். மனசு கேட்கவில்லை.

"மாமா... ஸ்டீயரிங் திரும்ப வரத்தானே பாத்துச்சு?"

அவர் நடையை நிறுத்தவில்லை.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது மாமா. ஸ்கூட்டர் மட்டும்தான்."

"அப்ப பேசாம வாங்க."

பேசாமல் வந்தேன். எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.